கண்ணினும் அரியதை ஈந்த கூரத்தாழ்வான்

தியாகம் என்னும் சொல்லை நாம் மிக எளிதாக வழங்கிவிடுகிறோம். மிஞ்சியதில் ஒரு பங்கை ஈந்தவரையும் தியாகி என்கிறோம். எஞ்சியது ஒன்றுமில்லாமல் ஈந்தவரையும் அப்பெயராலேயே அழைக்கிறோம். ஆயினும் ஆழ்ந்து நோக்குமிடத்து அதற்கு மூன்று படிகள் உண்டு என்பது விளங்கும். உடைமையைத் துறத்தல் முதற்படி. உடம்பைத் துறத்தல் இரண்டாம் படி. தனக்குத் தீங்கிழைத்தவன்மீது கொள்ளக்கூடிய நியாயமான சினத்தையும் துறந்துவிடுதல் மூன்றாம் படி. இம்மூன்று படிகளையும் ஒரே பிறவியில் ஏறிக் காட்டிய மகான், எம்பெருமானார் ஸ்ரீராமாநுசரின் அந்தரங்க சீடரான கூரத்தாழ்வான் ஆவார். குருபரம்பரை நூல்கள் அவரைப் பற்றி உரைப்பனவற்றை இவ்விழா மலரில் சிந்திப்பது நமக்குப் பெரும் பயன் தருவதாகும்.

காஞ்சிமாநகருக்கு அருகிலுள்ள கூரம் என்னும் சிற்றூரில், தை மாதத்து ஹஸ்த நட்சத்திரத்தில் இம்மகான் அவதரித்தார். பெற்றோர் இட்ட திருநாமம் ஸ்ரீவத்ஸாங்கர். தமிழில் திருமறுமார்பன் என்பர். மரபுக் கணக்கின்படி 1017இல் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இராமாநுசருக்கு இவர் சில ஆண்டுகள் மூத்தவர். மூத்தவராயிருந்தும், கல்வியில் நிகரற்றவராயிருந்தும், இராமாநுசர் துறவறம் ஏற்றபோது முதலியாண்டானோடு சேர்ந்து அவருடைய முதற் சீடராக வந்து நின்றார் என்பது நாம் கவனிக்கத்தக்கது. வயது, கல்வி, குலம் ஆகியவற்றால் வரும் மூன்று செருக்கும் இவரை அணுகவில்லை என்று பெரியோர் போற்றுவர்.

ஆழ்வானின் செல்வம் அளவிடற்கரியது. அவர் திருமாளிகையில் பகலெல்லாம் அன்னதானம் நடைபெறும்; நள்ளிரவில்தான் கதவுகள் அடைக்கப்படும். ஒருநாள் அக்கதவுகளின் ஓசை காஞ்சித் திருக்கோயில்வரை கேட்க, பெருந்தேவித் தாயார் அதனைக் கோயில் நடை சாத்தும் ஓசையோ என வினவினாராம். இச்செய்தியைக் கேட்ட எவரும் பெருமிதம் கொண்டிருப்பர். ஆழ்வானோ நாணினார். தம் வீட்டுக் கதவின் ஓசை எம்பெருமான் சந்நிதிக் கதவின் ஓசையோடு மயங்கும்படி ஆயிற்றே என வருந்தி, அனைத்தையும் தானமாக அளித்துவிட்டுத் தேவிகள் ஆண்டாளோடு திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். காட்டுவழியில் ஆண்டாள் அச்சமுற்றபோது, கையில் பொருள் இருந்தாலன்றி அச்சம் எதற்கு என வினவினார். கணவர் நீர் பருகுவதற்காகத் தாம் ஒரு பொன்வட்டிலை மறைத்து எடுத்துவந்ததை அவ்வம்மையார் தெரிவிக்க, அதனையும் வாங்கிப் புதருக்குள் வீசியெறிந்தார்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். ஆழ்வானின் துறவைப் புகழ்வோர் ஆண்டாளின் துறவை மறந்துவிடுகின்றனர். அவ்வம்மையார் அந்த வட்டிலைத் தமக்காக எடுத்துவரவில்லை. பெருஞ்செல்வத்தில் வாழ்ந்தவர், திருவரங்கத்தில் உஞ்சவிருத்தியால் வந்த அரிசியைச் சமைத்து வாழ்ந்தார். ஒரு மழைநாளில் ஆழ்வான் பிட்சைக்குச் செல்ல இயலாமற் போக, இருவரும் பட்டினியாயிருந்தனர். அரங்கன் அமுதுசெய்யும் வேளை மணியோசை கேட்ட ஆண்டாள், அடியவர் பசித்திருக்கத் தாம் அமுது செய்தீரோ என மனத்தில் எண்ணினார். சற்று நேரத்தில் திருக்கோயிலிலிருந்து பிரசாதம் வந்தது. அப்பிரசாதத்தின் பயனாகவே பராசர பட்டரும் வேதவியாச பட்டரும் பிறந்தனர் என்பது மரபு. ஆளவந்தாரின் நிறைவேறாத ஆசைகளுள் ஒன்று, பராசர, வியாச முனிவர்களின் நன்றியை உலகம் நினைக்கச் செய்வது. இராமாநுசர் இக்குழந்தைகளுக்கு அப்பெயர்களைச் சூட்டி அவ்வாசையை நிறைவேற்றினார்.

தன்னைத் துறத்தல் என்றால் தன் அறிவையும் துறத்தல் என்று சிலர் கருதக்கூடும். ஆழ்வானின் வாழ்க்கை அதனை மறுக்கிறது. பிரம்மசூத்திரத்துக்குப் போதாயனர் இயற்றிய விருத்தியைக் காண்பதற்காக இராமாநுசரும் ஆழ்வானும் காஷ்மீரம் சென்றனர். கிடைத்த ஏட்டை அங்குள்ளோர் வழியிலேயே வந்து பறித்துக்கொண்டபோது ஆசாரியர் மனம் தளர்ந்தார். இரவுதோறும் ஆசாரியர் உறங்கிய பின் விழித்திருந்து அதனைப் படித்து மனத்தில் பதித்துவிட்டதாக ஆழ்வான் பணிவுடன் விண்ணப்பித்தார். பின்னர் ஸ்ரீபாஷ்யத்தை இராமாநுசர் சொல்ல ஆழ்வான் ஏட்டில் எழுதினார். சொல்வது பொருந்தாதெனத் தோன்றினால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசாரியரே வகுத்த ஏற்பாடு. சீவன் அறியும் தன்மையுடையவன் என்று மட்டும் சொல்லி, அவன் எம்பெருமானுக்கு அடிமை என்பதைச் சொல்லாதபோது ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. ஆசாரியர் சினந்தும் அது நகரவில்லை. பின்பு இராமாநுசர் தாமே ஆராய்ந்து, சீடர் நிறுத்தியதே சரியென உணர்ந்து திருத்திச் சொன்னார். ஆசாரியருக்காக எதையும் ஈயத் துணிந்தவர், அவர் மகிழ்ச்சிக்காகக்கூட உண்மையை ஈயவில்லை. இந்நிலையை உணர்ந்தாலன்றி அடுத்து வரும் நிகழ்ச்சியின் பெருமை விளங்காது.

குருபரம்பரை நூல்கள் கிருமிகண்ட சோழன் எனக் குறிக்கும் அரசன், தன் சமயமே மேலானது என்று எழுதிய ஓலையில் அறிஞர் அனைவரிடமும் கையொப்பம் வாங்கிவந்தான். அவன் எந்தச் சோழ மன்னன் என்பதில் வரலாற்றறிஞர் ஒருமனப்படவில்லை. இதனைச் சைவ வைணவப் பூசலாக மட்டும் காண்பதும் பொருந்தாது. மனம் ஒப்பாத ஒன்றில் கையொப்பமிடுமாறு வாளைக் காட்டி வற்புறுத்தும் அதிகாரம் எக்காலத்தும், எச்சமயத்தின் பெயராலும் தலைதூக்கக்கூடியதே. இராமாநுசர் கையொப்பமிட்டாலன்றிப் பிறர் கையொப்பத்தால் பயனில்லை என்று அரசனுக்கு எடுத்துக் கொடுத்தவன் நாலூரான் என்னும் அமைச்சன். அவன் ஆழ்வானிடமே கல்வி பயின்றவன் என்பதுதான் கொடுமை.

அரசனின் ஆட்கள் திருவரங்கத்து மடத்துக்கு வந்தபோது இராமாநுசர் நீராடச் சென்றிருந்தார். யாரும் ஏவாமலே ஆழ்வான் ஆசாரியரின் காஷாயத்தை உடுத்து, திரிதண்டத்தைக் கையிலேந்தி, தாமே இராமாநுசர் என்று சொல்லிப் புறப்பட்டார். முதியவரான பெரியநம்பிகளும் அவர் மகள் அத்துழாயும் உடன் சென்றனர். செய்தியறிந்த இராமாநுசர், ஆழ்வானின் வெள்ளை ஆடையை உடுத்து மேற்கே ஹொய்சள நாட்டுக்கு எழுந்தருளினார். ஸ்ரீபெரும்பூதூர் உற்சவத்தில் உடையவர் வெள்ளை சாற்றி எழுந்தருளும் காட்சி இந்நிகழ்ச்சியின் நினைவே ஆகும்.

அரசவையில் ஆழ்வான் கையொப்பமிட மறுத்தார். வந்தவர் இராமாநுசர் அல்லர் என்பதும் வெளிப்பட்டது. கண்களைப் பறிக்க அரசன் ஆணையிட்டான் என்றும், அவ்வரசனைக் கண்ட கண்கள் வேண்டாவென ஆழ்வான் தாமே பறித்தெறிந்தார் என்றும் இருவிதமாகக் கூறுவர். பெரியநம்பிகளும் கண்ணிழந்து, திரும்பும் வழியில் பசுபதிகோயிலில் திருநாடு எய்தினார். ஆழ்வான் மட்டும் திருவரங்கம் வந்து சேர்ந்தார். அங்கே இராமாநுச சம்பந்தம் உடையவர் கோயிலுக்குள் புகலாகாது என்ற தடை இருந்தது. இவர் நற்குணம் நிறைந்தவர், இவரை விடலாம் என்று வாயில் காப்போருள் ஒருவன் இரங்கினான். ஆசாரிய சம்பந்தத்தைத் தேடித் தரவேண்டிய நற்குணமே அதனை அறுக்குமாயின் அப்படிப்பட்ட நற்குணமும் வேண்டா, அரங்கன் சேவையும் வேண்டா எனச் சொல்லி, இருள் சூழ்ந்த கண்களோடு ஆழ்வான் திரும்பினார். பின்னர்க் குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலையில் வாழ்ந்தார். அங்கே அருளிய சுந்தரபாஹு ஸ்தவத்தில் அழகரிடம் அவர் வேண்டியது கண்ணொளியை அன்று. இராமாநுசரோடு மீண்டும் திருவரங்கத்தில் கூடி வாழ்வதையே வேண்டினார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திருநாராயணபுரத்திலிருந்து இராமாநுசர் மீண்டு வந்தார். தமக்காகக் கண்ணிழந்த சீடரைத் தழுவிக்கொண்டு கண்ணீர் உகுத்தார். ஆழ்வான் அரசனையும் பழிக்கவில்லை, நாலூரானையும் பழிக்கவில்லை. யாரோ ஓர் அடியவரின் திருமண்காப்புக் கோணியிருந்தது என்று தாம் நினைத்த பாவத்தின் பலனாயிருக்கலாம் என்றார். தியாகம் செய்தவர், அதனைப் பெற்றவரின் நெஞ்சில் கடன்சுமை ஏறாதபடி காத்தது இச்சொல். கொடுத்ததைக் காட்டாமல் கொடுத்தலே கொடை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

இராமாநுசர் அவரைக் காஞ்சிக்கு அழைத்துச் சென்று, பேரருளாளனைத் துதித்துக் கண்களை வேண்டும்படி பணித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை அருளினார். வேண்டும் வரத்தைக் கேட்குமாறு வரதன் அருளியபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்றார். வரமும் கிடைத்தது. கண்களைக் கேளாமற் போனாரே என ஆசாரியர் முதலில் வருந்தினார். பின்னர்ப் பெருமாளையும் இராமாநுசரையும் மட்டும் காணும் பார்வை ஆழ்வானுக்கு அருளப்பட்டது என்று கூறுவர். கண்களை இழந்தது ஒருநாள் நிகழ்ச்சி. கண்ணிழக்கக் காரணமானவனை வெறுக்காமல் பன்னிரண்டு ஆண்டுகள் இருட்டில் வாழ்ந்தது ஒவ்வொரு நாளும் செய்த தியாகம்.

இறுதியில் அரங்கனிடம் ஆழ்வான் பரமபதம் வேண்ட, அவருக்கும் அவர் சம்பந்தம் உடையார் அனைவருக்கும் அதனை அரங்கன் அருளினான். இது கேட்ட இராமாநுசர், ஆழ்வான் சம்பந்தத்தால் தமக்கும் பேறு உறுதியாயிற்று என்று மேலாடையை விண்ணில் எறிந்து களித்தாராம். சீடருக்கு ஆசாரியரால் உய்வு என்பது உலகறிந்த முறை. இங்கே அது மாறி நின்றது. தம்மை முந்திச் செல்வதேன் என ஆசாரியர் கலங்க, அங்கே அவரை எதிர்கொண்டு வரவேற்பதற்காகவே எனச் சீடர் விண்ணப்பித்தார். 1137இல் இராமாநுசர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது, ஆழ்வான் அங்கே காத்திருந்தார் என்பது நம் பெரியோர் நம்பிக்கை.

ஆழ்வான் ஈந்தவை யாவும் அவருடையவையே. பிறருடையதை அவர் பலியிடவில்லை. ஒருவரும் அவரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. பிறரைத் தியாகம் செய்யச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. தம்முடையதை ஈயும் உரிமையே மனிதருக்கு உண்டு. நமக்குக் கண்களை ஈயும் நாள் வரப்போவதில்லை. ஆயினும் நம்மைக் காட்டிக் கொடுத்த ஒரு நண்பர், நம் பங்கைப் பறித்த ஓர் உறவினர் யாருக்கும் இல்லாமலில்லை. உற்சவத் திருநாளில் பெருமாள் திருமுன்பு கைகூப்பி நிற்கும்போது, நம்முடைய நாலூரானுக்காகவும் ஒரு கணம் வேண்டிக்கொள்வோமாயின், ஆழ்வானின் சரிதையைக் கேட்டதன் பயனை நாம் பெற்றவராவோம்.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.