மா. கிருஷ்ணன்

மாதவையா கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 - பெப்ரவரி 18, 1996) தமிழகத்தைச் சேர்ந்த இயற்கையியலாளர், கானுயிர் ஒளிப்படக் கலைஞர், ஓவியர், எழுத்தாளர் ஆவார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சென்னை மயிலாப்பூரில் கழித்தார். வெவ்வேறு பழைய கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே உருவாக்கிக்கொண்ட ஒளிப்படக் கருவியைக் கொண்டு காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர் என்பது இவரது தனிச்சிறப்பு.

இளமை

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை எழுதிய அ. மாதவையாவின் எட்டு மக்களில் கடைசி மகன் இவர். மாதவையா அரசுப் பணியிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறினார். 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய வேளையில் அங்கேயே உயிர் துறந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் கிருஷ்ணன் பயின்றார். கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பைசனுடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குச் சென்றதும், பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றதும் இவருக்குப் பட்டங்களை விடப் பெரிதும் பயன்பட்டன எனலாம். சட்டமும் படித்தார், ஆயினும் நிலையான வேலை எளிதில் அமையவில்லை.

சந்தூர்

1942இல் இன்றைய கருநாடகத்தின் பெல்லாரிப் பகுதியில் இருந்த சந்தூர் சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். ஓய்வு நேரத்தில் ஆடு மேய்த்தார், பந்தயப் புறா வளர்த்தார், சுற்றியிருந்த குன்றுகளில் அலைந்தார். 1949இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னை திரும்பினார். அதன்பின் வேறு வேலைக்குச் செல்லாமல் எழுத்தையும் படங்களையும் கொண்டே குடும்பம் நடத்தினார். இக்காலத்தில்கூடத் துணிச்சல் தேவைப்படும் முடிவு அது.

ஒளிப்படக் கருவி

1925ஆம் ஆண்டு செருமனியின் லைப்சிக் வணிகக் காட்சியில் லைக்கா அறிமுகமானதிலிருந்து, 35 மி.மீ. சுருளைப் பயன்படுத்தும் கையடக்கக் கருவிகள் உலகெங்கும் பரவின. அவற்றில் பதிவாகும் படம் 24க்கு 36 மி.மீ. அளவே கொண்டது. எடுத்துச் செல்வது எளிது. ஆனால் பெரிதாக்கும்போது படலத்திலுள்ள வெள்ளித் துகள்கள் புள்ளி புள்ளியாகத் தெரியத் தொடங்கும். பெரிய நெகட்டிவ் இச்சிக்கலைக் குறைக்கிறது. அதற்கு விலையாகப் பெரிய கருவியையும் கனத்த வில்லையையும் காட்டுக்குள் சுமக்க வேண்டும்.

கிருஷ்ணன் சுமப்பதையே தேர்ந்தெடுத்தார். ஒரு நிறுவனத்தின் கருவி உடல், இன்னொரு நிறுவனத்தின் தொலைவில்லை, தாமே பொருத்திய பிற பாகங்கள் என அமைந்த பெரிய கலப்புக் கருவி அவருடையது. அதற்கு அவர் இட்ட பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. பளுவானது என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைத்துச் செய்த கேலி இது. பழைய கருவிகளைச் சேகரிப்போர் இன்று அசல் உடலும் அசல் வில்லையும் பிரியாமல் இருப்பதையே பெரிதாக மதிக்கின்றனர். அந்த அளவுகோலின்படி பாண்டரோசாவுக்கு எந்த மதிப்பும் கிடைத்திருக்காது.

வண்ணச் சுருள்கள் பரவலான பின்பும் இவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. காட்டின் நிழலில் நிற்கும் யானையின் தோல் சுருக்கங்களையும் புதரின் பின்னணியையும் ஒளியின் ஏற்ற இறக்கம் ஒன்றினாலேயே பிரித்துக் காட்டுவது எளிதன்று. ஓவியப் பயிற்சி இங்கே இவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். பழக்கப்பட்ட யானையின் முதுகில் அமர்ந்து காட்டு விலங்குகளை நெருங்கிப் பல படங்களை எடுத்தார். தன் இனத்தைச் சேர்ந்த யானை வரும்போது காட்டு யானைகள் அவ்வளவாக மிரள்வதில்லை. ஆனால் யானை அசைந்தாலும் மூச்சு விட்டாலும் மேலிருக்கும் கருவியும் அசையும். நீண்ட வில்லையில் சிறு அசைவும் படத்தைக் கெடுத்துவிடும். எடுத்த படம் சரியாக வந்ததா என்பது சுருளைக் கழுவிய பின்னரே தெரியும்.

எழுத்தும் பணிகளும்

கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 'கண்ட்ரி நோட்புக்' என்ற பத்தியை இரு வாரங்களுக்கு ஒருமுறை எழுதினார். 46 ஆண்டுகள் தொடர்ந்த இப்பத்தியின் இறுதிக் கட்டுரை அவர் இறந்த நாளன்று வெளியானது. புலி, யானை மட்டுமன்றி அணில், காகம், வீட்டுப் பல்லி ஆகியவையும் இவரது கவனத்துக்கு உரியனவாக இருந்தன.

ஒரு நாட்டின் அடையாளம் அதன் இயல்பான தாவரங்களிலும் விலங்குகளிலும் அடங்கியுள்ளது என்று கருதிய இவர், அயல்நாட்டு அலங்கார மரங்களை நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். 1968இல் நேரு ஆய்வு நல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அவ்வாய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக வெளியிட்டது. பத்மஸ்ரீ விருது பெற்றார். இந்தியக் கானுயிர் வாரியத்திலும் புலிகள் பாதுகாப்புத் திட்ட வழிகாட்டுக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார்.

தமிழில் 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்ற துப்பறியும் புதினத்தை எழுதியுள்ளார். இவரது தமிழ்க் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலில் கிடைக்கின்றன. ஒளிப்படங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் 2006இல் 'ஐ இன் தி ஜங்கிள்' என்ற ஆங்கில நூலாக வெளிவந்தன.