நம்ம டிராயிங் ஷீட்டுக்குச் சொந்தக்காரர்

முதல் வருஷம் டிராயிங் ஹாலில் என்னைப்போல் திருதிருவென்று முழித்தவர்கள் கை தூக்குங்கள். எங்க வீட்டில் படிப்பு என்று வெளியே வந்தது நான்தான் முதல் ஆள். பிளான் எது, எலிவேஷன் எது என்று வீட்டில் கேட்க ஆளில்லை. அரியரும் விழுந்தது. இந்த சப்ஜெக்டைக் கண்டுபிடித்தவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். பிறகு லைப்ரரியில் அவர் கதையைப் படித்ததும் வெட்கமாகிவிட்டது.

காஸ்பார் மோஞ் 1746-ல் பிரான்சில் போன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா சில்லறை வியாபாரி. சின்ன வயசிலேயே சொந்த ஊரை அளந்து பெரிய வரைபடம் போட்டார். அதைப் பார்த்த ராணுவ அதிகாரி ஒருவர் மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளிக்கு அழைத்துப் போனார். ஆனால் ஆபீசர் வகுப்பு பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். இவருக்குக் கிடைத்தது படம் வரைகிற வேலைதான்.

எதிரி எங்கிருந்து சுட்டாலும் உள்ளே இருப்பவர்மேல் படாதபடி கோட்டைச் சுவரை எப்படி அமைப்பது? அதற்கு அப்போது நீளநீளமான கணக்குப் போடவேண்டும். மோஞ் வடிவியலாலேயே சட்டென்று முடித்தார். இவ்வளவு சீக்கிரம் முடியவே முடியாது என்று மேலதிகாரி அந்தத் தாளைப் பார்க்கவே மறுத்தாராம்! சரிதான் என்று தெரிந்ததும் அந்த முறையை ராணுவ ரகசியமாக்கிவிட்டார்கள். விஷயம் இதுதான்: படுத்த தளம் ஒன்று, நின்ற தளம் ஒன்று. பொருளை இரண்டிலும் வரைந்து, ஒரு தளத்தை மடக்கிவிட்டால் ஒரே தாளில் இரண்டும் வந்துவிடும். நாம் போடுகிற எக்ஸ்-ஒய் கோடு அந்த மடிப்புதான்.

1794-ல் பாரீசில் தொடங்கிய புதுப் பள்ளிக்கு மறுவருஷம் எக்கோல் பாலிடெக்னிக் என்று பேர் வந்தது. தொடங்கியவர்களில் மோஞ்சும் ஒருவர். அங்கே பரீட்சை எழுதித்தான் சேரணும், குலம் கேட்கமாட்டார்கள். நானூறு பேர் அளவில் இருந்த மாணவர்களைச் சுமார் இருபது இருபது பேராகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவன், அவனும் மாணவன்தான். அந்தத் தலைவர்களுக்கு முதலில் மோஞ்சே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

ஹாஸ்டலில் எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. சீனியர் அண்ணன் ஒருவர் எங்க நாலு பேரையும் தரையில் உட்காரவைத்து, மெஸ் கேரட்டைச் சாய்வாக அறுத்துக் காட்டினார். வகுப்பில் ஐம்பது பேர் நடுவே புரியாத செக்‌ஷன் அன்னைக்குப் புரிந்தது. அரியரும் போனது.

நெப்போலியன் வீழ்ந்தபின், 1816-ல் மோஞ்சை அறிவியல் கழகத்திலிருந்து நீக்கினார்கள். 1818 ஜூலையில் இறந்தார். சவ ஊர்வலத்துக்குப் போகக்கூடாது என்று மாணவர்களுக்குத் தடை. மறுநாள் அவர்கள் திரண்டு கல்லறைக்குப் போய் மலர் வளையம் வைத்துவிட்டு வந்தார்கள்.