பிழையையும் அளந்தவர்

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் 1749ஆம் ஆண்டு பிறந்தவர் பியர் சைமன் லாப்லாஸ். வானியலிலும் நிகழ்தகவுக் கணிதத்திலும் புகழ்பெற்ற அறிஞர். நாட்டு மக்கள் அனைவரையும் எண்ணுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டே மக்கள்தொகையை மதிப்பிட அவர் வழி கண்டார். அவர்தம் வேண்டுகோளை ஏற்ற அரசு, 1802ஆம் ஆண்டு 30 மாவட்டங்களில் தேர்ந்தெடுத்த ஊர்களில் மட்டும் மக்களை எண்ணியது. அவர்கள் 20,37,615 பேர். ஆண்டுக்கு ஒரு பிறப்பிற்கு ஏறத்தாழ 28 பேர் என்னும் விகிதம் கிடைத்தது. அதனை நாட்டின் ஆண்டுப் பிறப்புகளால் பெருக்கினால் மொத்த மக்கள்தொகை கிட்டும்.

லாப்லாஸ் அத்துடன் அமையவில்லை. சில ஊர்களைக் கொண்டு நாடு முழுவதையும் மதிப்பிடுகையில் பிழை நேரும் என்பதை உணர்ந்தார்; அப்பிழையின் அளவையும் கணக்கிட்டார். அது ஐந்து இலட்சத்தைத் தாண்டுவது மிக அரிது என நிறுவினார். 1827இல் அவர் மறைந்தார். விடையோடு அதன் ஐயத்தின் அளவையும் கூறும் நேர்மை, இன்றைய மாதிரிக் கணக்கெடுப்புகளில் தொடர்கிறது.