வண்டியை ஓட்டியவர், நிறுத்தவும் வழி கண்டவர்

விரைந்தோடும் வண்டியைக் கண்டு வியக்காதவர் இல்லை. ஆனால், ஓடுவதைவிட வேண்டிய இடத்தில் நிற்பதே வண்டிக்கு இன்றியமையாதது. மோட்டார் வண்டி நெடுந்தூரம் ஓடும் என்பதையும், அதை நிறுத்தும் தடை உறுதியாக இருக்க வேண்டும் என்பதையும் உலகுக்கு உணர்த்தியவர் ஒரு பெண்மணி என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே ஜெர்மனி நாட்டின் பெர்த்தா பென்ஸ் அம்மையார்.

1849-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில், வசதி படைத்த கட்டடத் தச்சர் ஒருவரின் மகளாகப் பெர்த்தா பிறந்தார். அவர் பிறந்த நாளைக் குடும்ப விவிலியத்தில் குறித்த தந்தை, இதுவும் பெண்ணாகப் போயிற்றே என்ற வருத்தத்தையும் சேர்த்து எழுதிவிட்டாராம். சிறுமியான பெர்த்தா ஒருநாள் அதைப் படித்து மனம் நொந்தார் என்று கூறுவர். அவர் பிறந்த பாடன் நாட்டில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாகப் பல்கலைக்கழகத்தில் சேர 1900-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பட்டம் பெற வழியில்லை. ஆயினும் இயந்திரங்களைப் பற்றி அறியும் ஆர்வத்தை யார் தடுக்க முடியும்?

கார்ல் பென்ஸ் என்ற ஏழைப் பொறியாளரைப் பெர்த்தா சந்தித்தார். ரயில் ஓட்டுநரான தந்தையைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்து, தாயின் உழைப்பால் கல்வி கற்றவர் கார்ல். குதிரையின்றித் தானே ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதே அவருடைய கனவு. கூட்டாளியோடு பிணக்கு ஏற்பட்டுத் தொழில் தடுமாறியபோது, பெர்த்தா தம் சீதனத்தில் ஒரு பகுதியைத் திருமணத்திற்கு முன்பே பெற்றுத் தந்து அதைக் காப்பாற்றினார். 1872-இல் அவர்கள் திருமணம் நடைபெற்றது. வறுமையும் கடனும் மாறி மாறி வாட்டின. அந்த நாள்களில் தம் அருகில் நின்றவர் மனைவியே எனக் கார்ல் பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார்.

1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் கார்ல் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். கனவு நனவாயிற்று, ஆனால், வாங்குவார் இல்லை! கார்லோ மேலும் மேலும் திருத்தங்கள் செய்துகொண்டே இருந்தார். சீதனமும் பல ஆண்டு உழைப்பும் பட்டறையிலேயே முடங்கிவிடுமோ? அம்மையார் துணிந்து ஒரு முடிவெடுத்தார்.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் அதிகாலை. கணவரிடம் சொல்லாமலேயே, மைந்தர்கள் ஆய்கன், ரிச்சர்டு இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து தாய்வீட்டை நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு! அதற்கு முன் மோட்டார் வண்டியில் எவரும் அவ்வளவு தூரம் சென்றதில்லை. வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லாக் என்ற ஊரின் மருந்துக் கடையில், கறை நீக்கப் பயன்படும் லிக்ராய்ன் என்ற நீர்மத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பி பழுதுபட்டது, காலுறைப் பட்டியைச் சுற்றிச் சரிசெய்தார். இயந்திரத்தைக் குளிர்விக்க வழியெங்கும் தண்ணீர் தேட வேண்டியிருந்தது. மேட்டில் வண்டி திணறியபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

ஆனால், ஏற்றத்தைவிட இறக்கமே அஞ்சத்தக்கதாயிற்று. கைப்பிடியை இழுத்தால் மரக்கட்டைகள் பின்சக்கரங்களை அழுத்தி வண்டியை நிறுத்தும். அக்காலத் தடை அவ்வளவுதான். நீண்ட சரிவுகளில் இடைவிடாது உராய்ந்து கட்டைகள் தேய்ந்தன, பிடிப்புக் குறைந்தது. அம்மையார் கலங்கவில்லை. பௌஷ்லாட் என்ற சிற்றூரில் செருப்புத் தைப்பவரைக் கண்டு, அக்கட்டைகளின்மேல் தோலை வைத்து ஆணியடித்துத் தருமாறு கேட்டார். தேய்ந்தால் தோலை மட்டும் மாற்றினால் போதும். இன்று நாம் பிரேக் லைனிங் என்று கூறுவதற்கு அந்தத் தோலே முன்னோடி! அந்திப்பொழுதில் ஊர் போய்ச் சேர்ந்த அம்மையார், கணவருக்குத் தந்தி அனுப்பிச் செய்தி தெரிவித்தார்.

தடை எவ்வாறு வேலை செய்கிறது? ஓடும் வண்டியின் வேகம் மாயமாய் மறைவதில்லை. உராய்வினால் வெப்பமாக மாறுகிறது. வெப்பம் அளவு மீறினால் தடை பிடிப்பை இழக்கும். எனவேதான் இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் அழுத்தாமல், தாழ்ந்த கியரில் மெல்ல இறங்க வேண்டும் என்பர். மேட்டில் வண்டி திணறியதை அறிந்த கார்ல் பென்ஸ், அதன்பின் ஏற்றத்திற்கென ஒரு தாழ்ந்த கியரைச் சேர்த்தார். இன்றைய கார்களிலும் கைப்பிரேக்கின் கம்பி துருவேறினாலோ, பிரேக்கை விடுவிக்கும் சுருள்வில் தளர்ந்தாலோ பின்சக்கரத் தடை விடுபடாமல் ஒட்டிக்கொள்வது உண்டு. வண்டி இழுபடுவது போன்ற உணர்வும், கருகிய வாடையும், ஒரு சக்கரம் மட்டும் அனலாய்க் கொதிப்பதும் அதன் அறிகுறிகள். அப்போது வண்டியை ஓரமாக நிறுத்தித் தானே ஆறவிட வேண்டும்; தண்ணீரைக் கொட்டினால் சூடேறிய இரும்பு வெடிக்கக்கூடும். ஆறியபின் பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் பயணத்தைத் தொடரலாகாது.

அம்மையாரின் பயணம் மக்களின் ஐயத்தைப் போக்கியது; வண்டிகள் விற்பனையாகத் தொடங்கின. 1944-இல் தமது 95-ஆம் பிறந்த நாளன்று, கணவர் பயின்ற கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குச் சிறப்பு அளித்தது. இரண்டு நாள் கழித்து அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் சென்ற வழி 2008 முதல் அவர் பெயராலேயே நினைவுப் பாதையாக விளங்குகிறது.

அன்புத் தோழியரே! விவிலிய ஏட்டில் வருத்தத்தோடு வரவேற்கப்பட்ட பெண் குழந்தையின் பெயரை இன்று ஒரு நினைவுப் பாதையே தாங்கி நிற்கிறது. வழியில் பழுது நேர்ந்தபோதெல்லாம் அவர் அழுதுகொண்டு அமர்ந்துவிடவில்லை. கையில் இருந்ததைக் கொண்டு சீர்செய்தார், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டார். முன்னேறும் துணிவையும் நின்று சிந்திக்கும் நிதானத்தையும் இறைவன் நமக்கும் அருள்வாராக!