மனுக்களின் வணிகர்: கஜுலு லட்சுமிநரசு செட்டியார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தாம்பரமும் பல்லாவரமும் அவற்றைச் சூழ்ந்த பாக்கங்களும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஏரிப்பாசன ஊர்களாக இருந்தன. மழை பெய்தால் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால் வயல் விளையும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் கும்பினியாருக்குரிய தீர்வை கேட்கப்படும். சர் தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்த காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைபெற்ற இரயத்துவாரி முறையில், உழவனுக்கும் அரசுக்கும் இடையில் ஜமீன்தார் இல்லை. ஆனால் தாசில்தாரும் அவருடைய சேவகர்களும் இருந்தனர். வரி கேட்கும் அதிகாரமும் காவல் அதிகாரமும் அந்தத் தாசில்தார் ஒருவரிடமே குவிந்திருந்தன. அடிபட்ட உழவன், அடித்தவரிடமே முறையிட வேண்டிய நிலை அது.

அந்த உழவனின் முறையீட்டை இலண்டன் நாடாளுமன்றம் வரை கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையானவர் உழவரும் அல்லர், வழக்கறிஞரும் அல்லர். சென்னைப் பட்டணத்தில் துணியும் அவுரியும் விற்றுப் பொருளீட்டிய வணிகர் ஒருவரே அவர். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்னும் அப்பெரியாரின் பெயர் இன்று பாடநூலின் ஒரு வரியில் மட்டுமே நின்றுவிட்டது. அவர் வாழ்வோ ஒரு வரியில் அடங்குவதன்று.

வணிகக் குடும்பம்

லட்சுமிநரசு 1806-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தையார் சித்துலு செட்டியார் அவுரி வணிகர். நீலச் சாயம் எடுக்கப் பயன்பட்ட அவுரி, அக்காலத்தில் கடல் கடந்து சென்ற முதன்மையான சரக்குகளுள் ஒன்று. பள்ளிக் கல்வியை முடித்த மகன் தந்தையின் தொழிலிலேயே இறங்கினார். துணி வணிகமும் அவுரி வணிகமும் அவருக்குச் செல்வத்தைத் தந்தன. அக்காலத்துச் செல்வர் பலர் சத்திரம் கட்டினர். கோயில் திருப்பணி செய்தனர். கல்விக்கு அறக்கட்டளை வைத்தனர். இவரோ தம் பொருளைச் செலவிட வேறொரு வழியைத் தேர்ந்தார்.

கிரசென்ட் இதழ்

1844-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கிரசென்ட் என்னும் ஆங்கில இதழ் வெளிவரத் தொடங்கியது. சென்னையில் முன்பே நடந்துவந்த ஓர் இதழை விலைக்கு வாங்கி, அதற்குப் புதுப்பெயர் சூட்டி, எட்வர்டு ஹார்லி என்பவரை ஆசிரியராக அமர்த்தினார் செட்டியார். நாட்டு மக்களின் குறைகளை ஆள்வோர் படிக்கும் மொழியிலேயே எடுத்துரைக்க வேண்டும் என்பது அவ்விதழின் நோக்கம். ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் ஆங்கிலேயரின் நலனையே பேசிய காலத்தில், இந்தியர் ஒருவரின் பொருளால் இந்தியருக்காக நடந்த ஆங்கில இதழ் சென்னைக்குப் புதுமையாக இருந்தது.

அரசு அதனை விரும்பவில்லை. கிரசென்ட் இதழின் விளம்பரத்தை அரசிதழில் வெளியிட அதிகாரிகள் மறுத்தனர். பிற இதழ்களுக்குக் கிடைத்த சலுகை இதற்குக் கிடைக்கவில்லை. இழப்பு நேர்ந்தபோதும் செட்டியார் இதழை நிறுத்தவில்லை.

1845-இல், மதம் மாறியவர்க்கும் மூதாதையர் சொத்தில் உரிமை நிலைக்கும் என்னும் விதி ஒரு சட்ட வரைவில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு, ஆளுநர் டுவீட்டேல் பிரபு அரசுக் கல்விச்சாலைகளில் விவிலியத்தைப் பாடநூலாக வைக்க முனைந்தார். இவ்விரண்டையும் கிரசென்ட் எதிர்த்தது. 1846 அக்டோபரில் சென்னை இந்துக்கள் கூடிய கூட்டத்தின் தீர்மானப்படி, கும்பினியின் இயக்குநர்களுக்கு மனு ஒன்று சென்றது. விவிலியப் பாடத் திட்டத்தை இயக்குநர்கள் ஏற்கவில்லை. சொத்துரிமை பற்றிய விதியோ 1850-இல் சட்டமாகிவிட்டது.

இவ்விரு கோரிக்கைகளையும் ஒரே தட்டில் வைத்து எடையிடுதல் பொருந்தாது. எல்லாச் சமயத்தாரும் செலுத்தும் வரிப்பணத்தால் நடக்கும் பள்ளியில் ஒரு சமயத்தின் மறைநூலைப் பாடமாக்கலாகாது என்பது நேர்மையான வாதம். ஆனால் ஒருவர் தம் மனச்சான்றின்படி சமயம் மாறியதற்காகவே அவர் தம் குடும்பச் சொத்தை இழக்க வேண்டும் என்பது அத்தகையதன்று. அன்றைய இந்துச் செல்வர் பலரும் கொண்டிருந்த அச்சத்தைச் செட்டியாரும் கொண்டிருந்தார். அவர் வாழ்வை எழுதுவோர் இதனை மறைத்தல் முறையாகாது.

எனினும் இப்போராட்டம் அவருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. ஆளுநரின் கருத்தே முடிந்த முடிபு அன்று. அவருக்கு மேலும் ஓர் இடம் உண்டு. அங்கே செல்லக்கூடிய ஊர்தி மனு. இந்தத் தெளிவே பின்னர் உழவர்க்குப் பயன்பட்டது.

சென்னைவாசிகள் சங்கம்

கும்பினியின் பட்டயம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தால் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1853-இல் அக்கெடு முடியவிருந்தது. அதற்குமுன் இந்தியரின் குறைகள் நாடாளுமன்றத்தை எட்ட வேண்டும் என்னும் எண்ணம் மூன்று மாகாணங்களிலும் எழுந்தது. கல்கத்தாவில் 1851-இல் பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் தோன்றியது. சென்னையில் 1852 பிப்ரவரி 26-ஆம் நாள் அதன் கிளையாகத் தொடங்கப்பட்டதே பின்னர்ச் சென்னைவாசிகள் சங்கம் எனப் பெயர் பெற்றது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் லட்சுமிநரசு செட்டியார்.

சில திங்களுக்குள் சென்னைக் கிளை கல்கத்தாவிடமிருந்து பிரிந்து தனியே நின்றது. அப்பிரிவு பதவிப் பூசலால் விளைந்ததன்று. வங்காளத்தில் ஜமீன்தாரி முறை. அங்குள்ள சங்கத்தில் நிலக்கிழார்களின் குரலே ஓங்கியிருந்தது. சென்னை மாகாணத்தின் நோவு வேறு. இங்கே வரியின் சுமை இடையில் எவரும் இன்றி உழவன் தோளிலேயே விழுந்தது. கல்கத்தாவின் மனு அந்த நோவைச் சொல்லாது என்று கண்ட சென்னையார் தமக்கெனத் தனி மனுவை எழுதினர்.

1852-ஆம் ஆண்டின் இறுதியில் அணியமான அம்மனுவில் நிலத்தீர்வையின் கொடுமை முதலிடம் பெற்றது. தறிக்கும் கைத்தொழிலுக்கும் கடைக்கும் விதிக்கப்பட்ட வரி, ஏழையின் கஞ்சிக்கும் விலை வைத்த உப்பு வரி, வழக்குமன்றங்களின் காலத்தாழ்வும் பெருஞ்செலவும், சாலைகளும் பாலங்களும் பாசனப் பணிகளும் கவனிப்பாரற்றுக் கிடந்தமை, கல்விக்கு ஒதுக்கிய தொகையின் சிறுமை ஆகியவை அதில் நிரலாக எடுத்துரைக்கப்பட்டன. பட்டணத்து வணிகர்கள் தம் வணிகச் சலுகைகளைக் கேட்டு எழுதிய மனுவாக அது அமையவில்லை என்பது நோக்கத்தக்கது.

மனுவின் பயனாக உடனே பெருமாற்றம் எதுவும் நிகழவில்லை. 1853-ஆம் ஆண்டுச் சட்டம் கும்பினி ஆட்சியை மேலும் தொடரவிட்டது. ஆயினும் மனுவைப் படித்தோர் சிலர் இலண்டனில் இருந்தனர்.

உழவர் எழுதிய மடல்கள்

அச்சிலருள் ஒருவர் டான்பி செமூர். நாடாளுமன்ற உறுப்பினரும் இந்தியச் சீர்திருத்தக் கழகத்தின் தலைவருமாகிய அவர், மனுவில் கண்டவை மெய்யா என நேரில் அறிய 1853-இல் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் சென்ற இடங்களில், தீர்வை கட்டத் தவறிய உழவர்மீது வரி அலுவலர்கள் இழைத்த கொடுமைகள் வெளிப்பட்டன. செமூர் இலண்டன் திரும்பினார். 1854 ஜூலையில் சென்னை நிலவரி முறை பற்றிய விவாதம் நடந்தபோது, சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறது என்னும் குற்றச்சாட்டு நாடாளுமன்றத்தில் எழுந்தது. கும்பினியின் ஆதரவாளர்கள் மறுத்தனர். மறுத்தபின் விசாரணையைத் தவிர்க்க இயலவில்லை.

அவ்வாண்டு செப்டம்பரில் சித்திரவதை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். இவர்களுள் நார்ட்டன் வழக்கறிஞர். சென்னை மாகாணத்தின் நிலையை விளக்கி, இராபர்ட் லோ என்னும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய மடல் வடிவில் அவ்வாண்டே ஒரு நூலை வெளியிட்டவர்.

குழு சென்னையில் அமர்ந்தது. கிடைத்த காலமோ மிகக் குறுகியது. ஊரிலுள்ள தாசில்தாரின் பகையை அஞ்சாமல் வழிச்செலவும் ஏற்று வருவோர் சிலராகவே இருப்பர் என்று எண்ணுவதற்கு இடமிருந்தது. அவ்வாறிருந்தும் 519 பேர் நேரில் வந்து முறையிட்டனர். 1,440 முறையீடுகள் மடல்களாக வந்து சேர்ந்தன. சங்கத்தார் எழுதிய ஒரு மனு, ஊர்ப்புறத்து மக்களின் நாவைத் திறந்துவிட்டது. பட்டணத்துப் பெரியவர்கள் ஏழைகளின் பெயரால் பேசிய நிலை மாறி, ஏழைகளே தம் பெயரால் பேசிய நிகழ்ச்சி அது.

1855-இல் வெளிவந்த அறிக்கை, சொல்லக் கூசும் செயல்களை வரிசைப்படுத்தியது. கொளுத்தும் வெயிலில் நிற்க வைத்தல். கிட்டி எனப்பட்ட இரு கோல்களுக்கிடையே கைவிரல்களை வைத்து நெரித்தல். தலையைக் காலோடு சேர்த்துக் கட்டிக் குனிந்தபடியே நெடுநேரம் நிறுத்துதல் ஆகியவை தீர்வை பெறும் வழிகளாக வழங்கிவந்தன. இவற்றைச் செய்தோர் கீழ்நிலையிலிருந்த இந்திய அலுவலர்களே என்றும், ஐரோப்பிய அதிகாரிகள் இவற்றுக்கு உடந்தையல்லர் என்றும் குழு கூறியது. ஆனால் சித்திரவதை உண்டு என்பதையும், பாதிக்கப்பட்டோர் நீதி பெறுதல் அரிது என்பதையும் அது மறைக்கவில்லை.

அறிக்கை கடல் கடந்தும் படிக்கப்பட்டது. 1857-இல் இந்தியப் பேரெழுச்சியின்போது, இந்தியரின் கொடுமைகளை மட்டுமே இங்கிலாந்தின் இதழ்கள் எழுதிக்கொண்டிருந்தன. அவ்வேளையில் காரல் மார்க்சு, நியூயார்க் இதழொன்றில் இந்தச் சென்னை அறிக்கையின் செய்திகளை எடுத்துக்காட்டி, ஆட்சியின் மறுபக்கத்தை உலகின் முன் வைத்தார். சென்னை உழவரின் மடல்கள் அவ்வளவு தொலைவு சென்றன.

மாகாணத்தின் உள்ளேயும் விளைவு இருந்தது. வரித்துறையையும் காவல்துறையையும் பிரிக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. 1859-ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் தனிக் காவல் படையை ஏற்படுத்தியது. வரி கேட்டவரே கைவிலங்கும் பூட்டும் நிலை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது.

கும்பினி ஆட்சியே ஒழிந்து நாடு நேரே முடியரசின் பொறுப்பில் வர வேண்டும் என்று 1855-இல் மற்றொரு மனு இலண்டனுக்குச் சென்றது. ஏறத்தாழ 14,000 பேர் அதில் ஒப்பமிட்டிருந்தனர். 1858-இல் கும்பினி ஆட்சி ஒழிந்தது. அதற்கு உடனடிக் காரணம் பேரெழுச்சியே அன்றிச் சென்னையின் மனு அன்று. எனினும் வாளால் நேர்ந்த அம்முடிவை, மூன்றாண்டுகளுக்கு முன்பே தாளில் எழுதிக் கேட்டவர்கள் சென்னையார்.

அவையில் ஓர் இருக்கை

1861-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில் சட்டப்படி மாகாணச் சட்டமன்றங்கள் அமைந்தன. சென்னைச் சட்டமன்றத்தின் முதல் இந்திய உறுப்பினர் வி. சடகோபாச்சார்லு. 1863-இல் லட்சுமிநரசு செட்டியாரும் நியமிக்கப்பட்டார். விளம்பரம் போடவும் மறுத்த அரசு, அவரை அவையில் அமர்த்தியது; பின்னர் ஸி.எஸ்.ஐ. பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

அந்த இருக்கையின் அளவு சிறிது. உறுப்பினர் வினாத் தொடுக்க இயலாது. வரவு செலவைப் பற்றிப் பேச இயலாது. அரசு கொணரும் சட்ட வரைவு பற்றி மட்டுமே கருத்துரைக்கலாம். எந்தத் தீர்வையைப் பற்றித் தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளில் எழுதினாரோ, அந்தத் தீர்வைக் கணக்கைக் கேட்கும் உரிமை அவையிலும் அவருக்கு இல்லை. சட்டமன்ற உறுப்பினராகச் செய்தவற்றினும், மன்றம் இல்லாத காலத்தில் மனு எழுதிச் செய்தவையே அவர் புகழுக்குரியவையாக நிற்கின்றன.

இதற்கிடையில் சங்கம் தளர்ந்தது. இதழும் சங்கமும் மனுக்களும் பயணங்களும் அவருடைய செல்வத்தைக் கரைத்திருந்தன. 1868-இல் அவர் மறைந்தபோது, துணியும் அவுரியும் விற்று ஈட்டிய பெரும்பொருளில் எஞ்சியது சிறிது. வறுமையிலேயே அவர் காலம் முடிந்தது.

எஞ்சியது

அவருக்குப் பின் அச்சங்கம் நெடுங்காலம் உயிரோடு இருக்கவில்லை. ஆயினும் 1884-இல் எம். வீரராகவாச்சாரியார், ஜி. சுப்பிரமணிய ஐயர், பி. அனந்தாச்சார்லு முதலியோர் சென்னை மகாஜன சபையைத் தொடங்கியபோது, அவர்கள் நடந்த தடம் முன்பே இடப்பட்டிருந்தது. ஊர்கள்தோறும் குறை கேட்டல், அவற்றைச் சான்றோடு தொகுத்தல், இதழில் வெளியிடல், மேலிடத்திற்கு விண்ணப்பித்தல் என்பது அம்முறை. பின்வந்த தலைமுறை விண்ணப்பத்தை இகழ்ந்து போராட்டத்தை நாடியது. அது காலத்தின் தேவை. ஆனால் சான்றின்றி எழும் போராட்டம் நிலைப்பதில்லை. 1,440 மடல்கள் வந்திராவிடில், சித்திரவதை என்பது ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் மிகைச்சொல்லாக ஒதுக்கப்பட்டிருக்கும்.

தாம்பரம் இன்று மாநகராட்சி. அன்றைய வயல்கள் தெருக்களாயின. ஏரிகளுள் பல கரை சுருங்கிக் குடியிருப்புகளுக்கிடையே கிடக்கின்றன. நீருக்காகவும் சாலைக்காகவும் பட்டாவுக்காகவும் மக்கள் இன்றும் அலுவலக வாயில்களில் மனுவோடு நிற்கின்றனர். அத்தாளை வாங்குபவர் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் என்னும் எண்ணம் இந்நாட்டில் தானே முளைத்ததன்று. அதனை விதைக்கத் தம் கைப்பொருள் முழுவதையும் செலவிட்டவர்களுள் ஒருவர் லட்சுமிநரசு செட்டியார். வணிகக் கணக்கில் அது இழப்பு. நாட்டின் கணக்கில் அது வரவு.