வெயிலை வெல்லப் புறப்பட்ட சர் ஆல்ஃப் ராம்சே

ஒரு காரியத்தில் இறங்குமுன் தன் வலிமையையும், ஏற்ற காலத்தையும், இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களை வைத்தார் வள்ளுவர். அரசர்க்குச் சொன்ன அந்த அறிவுரை ஆடுகளத்திற்கும் பொருந்தும். இங்கிலாந்து நாட்டுக் கால்பந்துக் குழுவைப் பயிற்றுவித்த சர் ஆல்ஃப் ராம்சேயின் வாழ்வு அதற்கு நல்ல சான்று.

ராம்சே 1920 ஜனவரி 22ஆம் நாள் லண்டனுக்குக் கிழக்கேயுள்ள டேகன்ஹாம் என்னும் ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. கூட்டுறவு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, சைக்கிளில் வீடு வீடாகச் சாமான்களைக் கொண்டு சேர்த்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத்தில் பணிபுரிந்தபோதுதான் அவருடைய ஆட்டத்திறன் வெளிப்பட்டது. பின்னர் சவுத்தாம்டன், டாட்டன்ஹாம் ஆகிய குழுக்களில் தற்காப்பு ஆட்டக்காரராக விளங்கினார். கால் வேகம் குறைவு. ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் கூர்மை மிகுதி. நாட்டுக்காக 32 ஆட்டங்கள் ஆடினார்.

1950இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் இங்கிலாந்து முதன்முறையாகக் கலந்துகொண்டது. எளிதில் வெல்லலாம் என்று எண்ணிய குழு, அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்றுத் தலைகுனிந்தது. அன்று களத்தில் நின்றவர்களுள் ராம்சேயும் ஒருவர். பேரும் புகழும் மட்டும் அயல்நாட்டு மண்ணில் துணைக்கு வாரா என்ற பாடத்தை அவர் மறக்கவில்லை என்பது அவருடைய பிற்கால ஏற்பாடுகளில் தெரிகிறது.

1955இல் இப்ஸ்விச் என்ற சிறிய குழுவின் பொறுப்பை ஏற்றார். மூன்றாம் பிரிவில் கிடந்த அக்குழு, 1962இல் இங்கிலாந்தின் முதற்பிரிவுப் பட்டத்தையே வென்றது. மறு ஆண்டு நாட்டுக் குழு அவர் கைக்கு வந்தது. அதுவரை ஒரு கமிட்டி கூடியே ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து வந்தது. அந்த அதிகாரம் தமக்கே வேண்டும் என்று கேட்டுப் பெற்றார் ராம்சே. 1966 ஜூலை 30ஆம் நாள் வெம்ப்ளியில் மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்று இங்கிலாந்து உலகக் கோப்பையைப் பெற்றது. 1967இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

ஆனால், அவரது திட்டமிடும் திறனை முழுமையாகச் சோதித்தது 1970ஆம் ஆண்டுப் போட்டியே. இடம் மெக்சிகோ. ஐரோப்பியர் மாலையில் தொலைக்காட்சியில் காண வேண்டும் என்பதற்காகப் பல ஆட்டங்கள் அங்கே உச்சி வெயிலில், நண்பகலில் வைக்கப்பட்டன. போதாக்குறைக்கு அது மேட்டு நிலம். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. அங்கே காற்று மெலிது.

கடும் வெயிலில் ஓடும்போது உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது. தசைக்கும் தோலுக்கும் சேர்த்து உழைக்க வேண்டியிருப்பதால் இதயம் திணறுகிறது. வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. ஆனால் ஏறத்தாழ இரண்டு வாரம் வெயிலில் பழகினால் உடல் விரைவாக வியர்க்கவும், உப்பைச் சேமிக்கவும் கற்றுக்கொள்கிறது.

ஆகவே, போட்டிக்கு ஏறக்குறைய நான்கு வாரம் முன்பே, மே மாதத் தொடக்கத்தில், 28 வீரர்களுடன் ராம்சே மெக்சிகோ போய்ச் சேர்ந்தார். நீல் பிலிப்ஸ் என்ற மருத்துவரும் உடன் சென்றார். வியர்வையில் போகும் உப்பை ஈடுசெய்ய, மெல்லக் கரையும் உப்பு மாத்திரைகள் தரப்பட்டன. வெயிலில் படுத்திருக்கும் நேரத்திற்கும் கட்டுப்பாடு. அடுத்து, இன்னும் உயரமான பொகோட்டாவுக்கும் குவிட்டோவுக்கும் குழுவை அழைத்துச் சென்று கொலம்பியாவையும் எக்வடோரையும் எதிர்த்து ஆடச் செய்தார். அங்கு மூச்சு வாங்கிப் பழகியவர்களுக்கு, அதைவிடத் தாழ்வான குவாதலஹாரா நகர மைதானம் இலேசாக இருக்கும் அல்லவா? இரண்டு ஆட்டங்களிலும் வெற்றி.

வீரர்களின் வயிறு கெடக்கூடாது என்று உணவும் தண்ணீரும்கூட இங்கிலாந்திலிருந்தே கொண்டுவரப்பட்டன. பேருந்தும் கப்பலில் வந்தது. இங்கேதான் ஒரு குறை நேர்ந்தது. எங்கள் சோறும் தண்ணீரும் இவர்களுக்கு ஆகாதா என்று மெக்சிகோ மக்கள் மனம் நொந்தனர். கால்நடை நோய்த் தடைச் சட்டப்படி இறைச்சியையும் வெண்ணெயையும் அதிகாரிகள் எரித்துவிட்டனர். பத்திரிகையாளரிடம் இன்முகம் காட்டும் இயல்பும் ராம்சேக்கு இல்லை. பிரேசிலுடன் மோத வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு, குழு தங்கிய ஹோட்டலுக்கு வெளியே உள்ளூர் ரசிகர்கள் விடிய விடியக் கூச்சலிட்டு வீரர்களின் உறக்கத்தைக் கெடுத்தனர்.

ஜூன் 7ஆம் நாள் நண்பகல், கொளுத்தும் வெயிலில் அந்த ஆட்டம் நடந்தது. வீரர்கள் பல பவுண்டு எடை இழந்தனர். ஆயினும் ஒருவரும் சோரவில்லை. பெலே தலையால் முட்டிய பந்தை கோல் கீப்பர் கார்டன் பேங்க்ஸ் தடுத்த விதம் இன்றும் பேசப்படுகிறது. தோல்வி ஒரே கோலில்தான். மற்ற இரு ஆட்டங்களையும் வென்று இங்கிலாந்து கால் இறுதிக்குச் சென்றது.

ஜூன் 14ஆம் நாள் லெயோன் நகரில் மீண்டும் மேற்கு ஜெர்மனி. அத்தனை கவனத்தையும் மீறி பேங்க்ஸ் வயிற்று நோயால் படுத்துவிட்டார். அப்படியும் இங்கிலாந்து 2-0 என்று முன்னேறியது. பெக்கன்பவர் ஒரு கோல் திருப்பியதும், 32 வயதான பாபி சார்ல்டனை ராம்சே வெளியே அழைத்துக்கொண்டார். மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வசதி உலகக் கோப்பையில் அந்த ஆண்டுதான் வந்திருந்தது. அரை இறுதிக்காக அவருடைய வலிமையைச் சேமிக்க வேண்டும் என்பதே எண்ணம். ஆனால் ஜெர்மனி சமன் செய்தது; கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றது. சேமித்த வலிமைக்கு வேலையே இல்லாமற் போயிற்று.

பழி முழுவதும் ராம்சே மேல் விழுந்தது. 1974ஆம் ஆண்டுப் போட்டிக்கு இங்கிலாந்து தகுதி பெறாததால் அந்த ஆண்டே பதவியையும் இழந்தார். பின்னர் இப்ஸ்விச்சில் மனைவியோடு அமைதியாக வாழ்ந்து, 1999 ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார்.

வெயிலை அளந்து ஆயத்தம் செய்யும் அவருடைய வழி வீண்போகவில்லை. உடலை முன்னரே பழக்குவது இன்று எல்லாக் குழுக்களுக்கும் பாலபாடம். 2014இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையில், வெப்பம் மிகுந்தபோது தண்ணீர் குடிக்க ஆட்டத்தையே நிறுத்தினார்கள்.

மாணவிகளே! தேர்வானாலும் விளையாட்டு விழாவானாலும் ராம்சேயைப் போல முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள். அதோடு, அவர் கோட்டைவிட்ட இரண்டையும் மனத்தில் வையுங்கள். போகும் இடத்தில் தண்ணீர் பற்றி எவ்வளவு எண்ணுகிறோமோ, அவ்வளவு அங்குள்ள மனிதர் மனத்தையும் எண்ண வேண்டும். நாளைய ஆட்டத்திற்காகச் சேமிக்குமுன், இன்றைய ஆட்டம் முடிந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.