மருத்துவத்தைத் தமிழில் தந்தவர்

நுழையும்முன்

அகத்தியரின் இருப்பிடமாகப் போற்றப்படும் பொதிகை மலைத்தொடரில் தாமிரபரணியும் அதன் துணையாறாகிய மணிமுத்தாறும் பிறக்கின்றன. அகத்தியர் தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் என்பதும் சித்த மருத்துவத்தின் தலையாய ஆசிரியர் என்பதும் நம் மரபு. மொழியும் மருத்துவமும் ஓர் ஆசிரியரிடம் தோன்றின என்னும் இந்நம்பிக்கை பொருள் பொதிந்தது. மணிமுத்தாற்று நீரையும் ஏற்றுப் பாயும் தாமிரபரணியின் கரையில், பாளையங்கோட்டையில், 1964ஆம் ஆண்டு முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. ஆனால், 19ஆம் நூற்றாண்டில் தமிழர் வாழும் நிலங்களில் மேலை மருத்துவம் ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்கப்பட்டது. அதனைத் தமிழில் கற்பிக்க முடியும் என்று காட்டியவர், கடல் கடந்து வந்த ஓர் அமெரிக்க மருத்துவர். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன்.

இளமையும் பயணமும்

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்து ஊஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். தாய்நாட்டிலேயே தொழில் நடத்திப் பொருளீட்டும் வாய்ப்பு இருந்தும், மருத்துவ வசதி இல்லாத தொலைநாட்டு மக்களுக்குத் தொண்டாற்ற விரும்பினார். அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847ஆம் ஆண்டு கப்பலேறி, அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவம் அவருக்கு முன்பே கால்கொண்டிருந்தது. 1820ஆம் ஆண்டு முதல் பண்டத்தரிப்பில் ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவர் பணியாற்றினார். வேலூரில் மருத்துவமனை கண்ட ஐடா ஸ்கடர் அவருடைய பேர்த்தியே. எனினும், குடாநாடு முழுமைக்கும் ஓரிரு மருத்துவர் என்னும் நிலை மாறவில்லை. வாந்திபேதியும் அம்மையும் ஊர்களைச் சூறையாடிய காலம் அது. வாந்திபேதி நீரால் பரவுகிறது என்பதை இலண்டனில் ஜான் ஸ்னோ எடுத்துக்காட்டியதே 1854ஆம் ஆண்டில்தான்.

மானிப்பாயில் மருத்துவப் பள்ளி

முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய கிறீன், 1848ஆம் ஆண்டு மானிப்பாயில் பணியைத் தொடங்கினார். நாள்தோறும் வந்த நோயாளிகளுக்கு மருந்தளித்தார், அறுவை மருத்துவம் செய்தார், தமிழையும் கற்றார். 1850ஆம் ஆண்டு யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் டைக் முன்னின்று நிறுவிய மருத்துவமனையிலும் அவர் பணிபுரிந்தார். அதுவே பிற்காலத்தில் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையாக வளர்ந்தது.

தாம் ஒருவரே எத்துணை நோயாளிகளைக் குணப்படுத்தினாலும், தாம் நீங்கிய நாளில் அப்பணி நின்றுவிடும் என்பதைக் கிறீன் தொடக்கத்திலேயே உணர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் தொண்டர் என்றேனும் திரும்பிச் செல்ல வேண்டியவர். அந்த மண்ணின் மக்களே மருத்துவராக வேண்டும் என்று கருதி, 1848ஆம் ஆண்டிலேயே உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பிக்கலானார். நோயாளியின் படுக்கையருகே நின்று நோயை அறிதல், மருந்து கலத்தல், கட்டுப்போடுதல், அறுவையில் உதவுதல் ஆகிய அனைத்தும் அப்பயிற்சியில் அடங்கின.

மொழி பற்றிய தெளிவு

பள்ளி நன்கு நடந்தது. ஆயினும் அதன் பயன் கிறீன் எண்ணியவாறு ஊர்களைச் சென்றடையவில்லை. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர்கள் அரசுப் பணியையும் நல்ல ஊதியத்தையும் நாடி வெளியிடங்களுக்குச் சென்றனர். ஆங்கிலம் அவர்களுக்கு வாயில் திறந்தது. அவ்வாயில் சொந்த ஊரைவிட்டு வெளியே செல்வதாக இருந்தது. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. உயர்வைத் தேடுவது இளமையின் இயல்பு. குறை, கல்வியைத் தந்த முறையில் இருந்தது. மருத்துவம் தமிழில் அமைந்தால், கற்றவர் தம் ஊரிலேயே தங்குவர். அவர் சொல்வது நோயாளிக்கும் விளங்கும். ஆங்கிலம் அறியாத பிறரும் மருத்துவ நூலைப் படிப்பர். இம்முடிவுக்குக் கிறீன் வந்தார்.

உடல்நலம் குன்றியதால் 1857ஆம் ஆண்டு தாய்நாடு சென்ற அவர், 1862ஆம் ஆண்டு மார்கரெட் வில்லியம்சு என்பாரை மணந்து அவ்வாண்டே மானிப்பாய்க்குத் திரும்பினார். 1864ஆம் ஆண்டு முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இதனை மாணவர் அனைவரும் உவந்து ஏற்கவில்லை. ஆங்கிலம் தரும் மதிப்பையும் வேலையையும் இழக்க நேரும் என்று தயங்கினர். அத்தயக்கத்தை அறிந்தும் கிறீன் தம் முடிவில் உறுதியாக நின்றார். தம் மாணவர் உடையிலும் உணவிலும் பழக்கவழக்கத்திலும் தமிழராகவே விளங்க வேண்டும் என்றும் விரும்பினார்.

நூல்களும் கலைச்சொற்களும்

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல்கள் வேண்டும். மனித உடலமைப்பு, உடற்செயல், பிரசவ மருத்துவம், அறுவை மருத்துவம், வேதியியல், மருந்தியல் எனத் துறைதோறும் ஆங்கில நூல்களைத் தமிழாக்கும் பெரும்பணியைக் கிறீன் மேற்கொண்டார். 'பிரசவ வைத்தியம்' 1857ஆம் ஆண்டிலும், அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867ஆம் ஆண்டிலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியவை 1872ஆம் ஆண்டிலும், 'கெமிஸ்தம்' 1875ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 'மனுஷ அங்காதிபாதம்' என்பது கிரே என்பாரின் புகழ்பெற்ற உடலமைப்பு நூலின் தமிழ் வடிவம். அம்மூலநூல் இலண்டனில் முதன்முதலாக வெளிவந்தது 1858ஆம் ஆண்டில். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது. கிறீன் வெளிக்கொணர்ந்த தமிழ் மருத்துவ நூல்களின் பக்கங்கள் 4000க்கும் மேற்பட்டவை.

இப்பணி அவர் ஒருவரால் மட்டும் நிகழ்ந்ததன்று. டேன்போர்த், சாப்மன், வில்லியம் பால் முதலிய அவர்தம் மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோள்கொடுத்தனர். பெயரைக் கேட்டு அவர்களை அயல்நாட்டவர் என்று கருதிவிடலாகாது. மிசன் பள்ளிகளில் பயின்ற மாணவர்க்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயரைச் சூட்டும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அவர்கள் தமிழரே.

கலைச்சொல் ஆக்கத்தில் கிறீன் ஓர் ஒழுங்கைப் பின்பற்றினார். வழக்கிலும் நூல்களிலும் உள்ள தமிழ்ச் சொல்லை முதலில் தேடினார். கிடைக்காதபோது தமிழர்க்குப் பழகிய வடசொல்லை எடுத்தாண்டார். அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். 'கெமிஸ்தம்' இம்மூன்றாம் வகைக்குச் சான்று. உருவாக்கிய சொற்களைத் தொகுத்து அருஞ்சொல் அகராதிகளாகவும் வெளியிட்டார். அவர் ஆண்ட வடசொற்கள் பல இன்று வழக்கொழிந்துவிட்டன. 'அங்காதிபாதம்' இன்று உடற்கூற்றியல் எனப்படுகிறது. எனினும், சொல் இல்லை என்பதைக் காரணமாக்கி அறிவியலைத் தள்ளிவைக்கலாகாது என்பதை அவருடைய உழைப்பு மெய்ப்பித்தது.

அக்காலத்தில் இம்முயற்சி தமிழில் மட்டும் நிகழவில்லை. சீனாவின் காண்டன் நகரில் ஹாப்சன் என்னும் மருத்துவர் 1851ஆம் ஆண்டு சீன மொழியில் உடலமைப்பு நூலை வெளியிட்டார். பெய்ரூட்டில் 1867ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பள்ளி அரபு மொழியில் கற்பித்தது. அறிவு வேரூன்ற அந்நிலத்து மொழி வேண்டும் என்பதை வெவ்வேறு நாடுகளில் பணியாற்றியோர் தனித்தனியே கண்டறிந்தனர்.

இறுதிக்காலம்

1873ஆம் ஆண்டு கிறீன் யாழ்ப்பாணத்தைவிட்டு நீங்கினார். இரு முறையாகச் சேர்த்து அவர் அங்கு வாழ்ந்தது ஏறத்தாழ இருபத்தோர் ஆண்டுகள். அவரிடம் பயின்ற மருத்துவர் 60க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்வழிக் கற்றவர். ஊஸ்டருக்குத் திரும்பிய பின்பும் அவர் தமிழ் நூற்பணியை விடவில்லை. 'மனுஷ சுகரணம்' 1883ஆம் ஆண்டு வெளிவந்தது. 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டாற்றியவர் என்னும் குறிப்பே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது.

அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நீடிக்கவில்லை. 1870ஆம் ஆண்டு கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தோன்றியது. அரசின் ஏற்பும் வேலையும் ஆங்கிலத்தோடு இணைந்திருந்தமையால் மாணவர் அவ்வழியே சென்றனர். ஒரு மொழியில் அறிவியல் வளர நூல்கள் மட்டும் போதா. அம்மொழியில் கற்றவருக்கு வாழ்வும் மதிப்பும் கிடைக்க வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

மானிப்பாயில் கிறீன் நினைவு மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மருத்துவக் கல்வியைத் தமிழில் தரவேண்டும் என்னும் குரல் எழும்போதெல்லாம், அது இயலுமா என்னும் ஐயமும் உடன் எழுகிறது. அச்சுக்கூடங்களும் அகராதிகளும் அருகியிருந்த காலத்தில், தமிழை வயது வந்தபின் கற்ற ஒருவர் தம் மாணவரோடு சேர்ந்து அதனைச் செய்து காட்டினார். அவர்கள் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வது, தமிழைத் தாய்மொழியாகப் பெற்றோரின் கடமையாகும்.